இருபத்து நான்கு பல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்குப் பொன்னேரிப் பேருந்து என்னைப் பழவேற்காட்டில் இறக்கிவிட்டது. பத்து ஐம்பத்தைந்துக்கு நான் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே போக வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் எங்கிருந்து வருகிறீர்கள் என்றார்கள். ஹாலந்து என்றேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஒருவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பெட்டியின் பின்னால் நடந்தேன்.

வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே மனிதக் காவலர் ஒருவர் இருந்தார்.

"இதுல எந்தக் கல்லு சார் உங்க ஆளுங்களது?" என்றார், மிக மரியாதையாக.

"என்ட ஆக்கள் ஒருத்தரும் இங்க இல்லை. நான் யாழ்ப்பாணம். பத்தொன்பது வருசமா ஹாலந்தில இருக்கிறன்."

"யாழ்ப்பாணமா? அப்போ மூஞ்சி சரியாத்தான் கீது. அங்க இன்னா வேல?"

"சைக்கிள் திருத்துற கடை."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சேகர் வீட்டுக்கு வர வேண்டியவரா நீங்க? அவன் சைக்கிளுக்கு ஆள் வருதுன்னு குப்பமே காத்துனு கீது. உங்களைப் போய்ச் சுடுகாட்டுல நிக்க வெச்சிட்டானுங்களே!"

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு நெடுநாளாக வருபவர் யான், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கல்லறைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து தன் பந்தய சைக்கிளில் வந்தவர், இங்கே பக்கத்தில் கோட்டைக்குப்பத்தில் காய்ச்சலில் விழுந்தார். சேகர் என்ற மீனவரின் வீட்டில் ஒன்பது நாள் படுத்திருந்தார். திரும்பும்போது சைக்கிளை அவருக்கே கொடுத்துவிட்டார். இப்போது சேகரிடமிருந்து யானுக்குச் செய்தி போயிருந்தது: மலை ஏற முடியவில்லை, கியர் சரியில்லை, உதவி வேண்டும். தங்கை மகளின் கல்யாணத்துக்கு நான் சென்னை வருவதை அறிந்த யான், உதிரிப் பாகங்களை வாங்கி என் பெட்டியில் வைத்தார்.

ஓர் உண்மையையும் எழுதிவிட வேண்டும். ஹாலந்தில் மலை இல்லை. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலம். செங்குத்தான மலைக்குக் கியர் தேர்ந்து கொடுக்கும் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒரு மலையில் நான் மிதித்ததில்லை.

சேகருக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். அகன்ற தோள், மெலிந்த கால். மீனவர் என்று சொன்னார்களே தவிர, அவர் மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். மதியம் அவருடைய அக்கா செல்வி சோறு போட்டார். முழு மடவை மீன், மேலே கீறிப் பொரித்தது; எறா தொக்கு. ஹாலந்தில் ஹெரிங் மீனைப் பச்சையாக வாலைப் பிடித்துத் தூக்கி வாயில் விடுவார்கள் என்று சொன்னேன். செல்வி என் இலையையும் என் முகத்தையும் பார்த்தார்.

"பச்சையாவா? பாவம்ண்ணா. அடுப்பு இல்லாத ஊரா?"

"ஓம், அடுப்பு இருக்கு, ஆனா..."

"இன்னா ஓம்? சாப்புடும்போது மந்திரம் சொல்லுவீங்களா?"

எங்கள் ஊரில் அது 'ஆமாம்' என்று விளக்கினேன். அதன்பின் அந்த வீட்டில் எல்லாரும் என்னிடம் ஓம் என்றுதான் பதில் சொன்னார்கள். சேகர் மட்டும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை. ஏழு மணிக்கே சைக்கிளைப் பிரித்தேன். உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது எனக்குத் தெரியும், நானும் கடற்கரைக்காரன். ஆனால் இந்தச் சைக்கிளில் துரு இல்லை. ஒவ்வொரு வாரமும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்.

முன் பல்சக்கரத்தில் பற்களை எண்ணினேன். சின்னது முப்பத்தொன்பது. பின்னால் பெரியது இருபத்தைந்து. வேலியோரம் நின்ற இரண்டு பெண்கள், "பல் டாக்டர் கூட இவ்ளோ எண்ணமாட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

முப்பத்தொன்பதுக்கு இருபத்தைந்து என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர் போகும். தட்டையான சாலைக்கும் வலுவான காலுக்கும் ஏற்றது.

"மலை எவ்வளவு சாய்வு?" என்று கேட்டேன்.

சேகர் ஒரு பலகையை எடுத்து ஐஸ் பெட்டிமேல் சாய்த்தார். கொஞ்சம் இறக்கினார். மறுபடி மயிரிழை ஏற்றினார். "அஞ்சாவது வளைவு. இப்படி இருக்கும் சார். ரெண்டு தடவ அங்கதான் கால் ஊனிட்டேன்."

அளந்தேன். நூறு சென்டிமீட்டருக்குப் பதினேழு சென்டிமீட்டர் உயரம்.

"கால் ஊன்றினா என்ன? இளைப்பாறிட்டு ஏறலாம்தானே?"

"ஊனக் கூடாது." பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

என் பெட்டியைத் திறந்தேன். பின்னால் போட முப்பத்திரண்டு பல். முன்னால் போட முப்பத்து நான்கு. இரண்டும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர். மூன்றில் ஒரு பங்கு எடை காலிலிருந்து இறங்கிவிடும். பின் பல்சக்கரம் சரியாக உட்கார்ந்தது. முன் பல்சக்கரத்தை எடுத்து, பெடல் மாட்டும் கிராங்கின் ஐந்து கைகள் மேல் வைத்தேன். ஒரு துளைகூட நேர் நிற்கவில்லை.

என் குறிப்பேட்டைப் புரட்டினேன். இந்தக் கிராங்கில் திருகுகள் அமைந்த வட்டம் சிறியது என்று எழுதியிருந்தது. யான் தொலைபேசியில் சொன்னது. இப்போது அளந்தேன், பெரிய வட்டம். முப்பத்தெட்டுக்குக் குறைவான எந்தச் சக்கரமும் அதில் ஏறாது. பத்தொன்பது ஆண்டுக் குறிப்பேடுகளில், அளக்காமல் எழுதிய ஒரே வரி அதுதான் என்று நினைக்கிறேன். நான் அதைச் சேகரிடம் சொன்னபோது என் காது சுட்டது.

"பரவால்ல சார். முன்னால பழசே இருக்கட்டும். லேசா ஏறினா அது வேண்டுதலே இல்ல," என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படியல்ல.

செவ்வாய்க்கிழமை காலை செல்வி ஏரிக்கு அக்கரையில் இறால் எடுக்கப் போனார். என்னையும் படகில் ஏறச் சொன்னார். சேகரும் வருவாரா என்றேன்.

"அவன் தண்ணில கால் வெச்சு மூணு வருசம் ஆவுதுண்ணா. வேண்டுதல் முடியாம வைக்கமாட்டானாம்."

ஏரியில் நீர் முழங்காலளவு. படகோட்டி நீண்ட கழியால் தள்ளினார். மணல் தரையில் கழியை ஊன்றி, அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்து, நீளமாக ஒரு தள்ளு. பத்துப் பதினைந்து அடி வழுக்கிக்கொண்டு போகும். கரை மறைந்தபின் செல்வி சொல்லத் தொடங்கினார். குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை.

மூன்று வருடத்துக்கு முன், விடிகாலை. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. படகில் இரண்டு பேர்: சேகர், செல்வியின் கணவர் மூர்த்தி. இருவரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை மிதந்திருக்கிறார்கள். சேகர் அடிக்கடி காலைக் கீழே விட்டுத் தரையைத் தேடியிருக்கிறார். முருகா, ஒரு தடவை கால் தரையில் படட்டும், உன் மலைக்குத் தரையில் கால் படாமல் ஏறி வருகிறேன் என்று வேண்டியிருக்கிறார். கால் மணலில் பட்டது. திரும்பிப் பார்த்தார். படகின் மறுபக்கத்தில் மூர்த்தி இல்லை.

"தரையில கால் படாம மலை ஏறுறதுன்னா இன்னா, பல்லாக்குலயான்னு ஊரே சிரிச்சிதுண்ணா. அப்புறம் உங்க டச்சுக்காரரு சைக்கிளோட வந்தாரு. முருகனே அனுப்பினாருன்னு இவன் புடிச்சிக்கினான்."

"இப்ப என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழம பாடு எழுதுறாங்க." ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள், அந்த முறைக்குப் பாடு என்று பெயர். "மூணு வருசம் எறங்காதவன் பேர எடுத்துருவாங்க. என் வீட்டுக்காரரு பேரு அன்னிக்கே போச்சு. இவன் பேருலதான் என் பங்கும் இருக்குது. இவன் பேரும் போனா ரெண்டு வீடு. பொண்ணு பொன்னேரி காலேஜில படிக்குது."

அப்போது படகு சேற்றுப் பகுதிக்குள் நுழைந்தது. படகோட்டி தள்ளும் விதம் மாறிவிட்டது. இப்போது கழியில் சாயவில்லை. சின்னச் சின்னத் தள்ளல். ஊன்றிய உடனே எடுத்தார், ஊன்றிய உடனே எடுத்தார். படகு ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை.

"ஏன் இப்பிடி?" என்று கேட்டேன்.

"சேத்துல அழுத்தினா கழி மாட்டிக்கும் சார்," என்றார் படகோட்டி. "படகு போயிரும், நீங்க கழியோட நிப்பீங்க."

மிதியின் கணக்கைப் பற்றிப் பத்தொன்பது ஆண்டுகளாக நான் வாடிக்கையாளருக்குச் சொல்லிவந்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். செல்வி நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அந்தச் சின்னப் பல்லு கெடைச்சா ஏறிடுவானா?" என்று கேட்டார்.

"கிராங்கையே மாத்த வேணும். பிள்ளைகளின்ட கியர் சைக்கிள்ல இருக்கும். மூன்று பல்சக்கரம் அடுக்கி, உள்ளுக்குள்ள ஒரு குட்டிச் சக்கரம்."

அக்கரை வந்ததும் செல்வி கூடையோடு முதலில் இறங்கினார்.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு கியர் சைக்கிளை அவர் வாசலில் கொண்டுவந்து சாய்த்தார். ஊதா நிறம், பாதி துரு. சேகர் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அக்கா, அது பாப்பாவோடது."

"ஓம். அவ நைனா வாங்கிக் குடுத்தது. துரு தின்னுனு கீது. அதுக்கு நீ தின்னு." என் பக்கம் திரும்பினார். "எண்ணுங்கண்ணா."

எண்ணினேன். இருபத்து நான்கு.

பின்னால் முப்பத்திரண்டோடு சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான் சொன்னதைக் கேட்டுச் சேகர் தலையை ஆட்டினார். "வேணாம் சார். இது ஏமாத்து. கொழந்த சைக்கிள் பல்லுல ஏறினா சாமி ஒத்துக்காது."

நான் விளக்க வாயெடுத்தேன். மலையின் உயரம் மாறாது, உங்கள் எடையும் மாறாது, மொத்த உழைப்பில் ஒரு துளியும் குறையாது, அது சிறு பங்குகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான் என்று. 'பங்கு' என்ற சொல் வந்ததும் செல்வி என்னை நிறுத்திவிட்டார்.

"கேட்டியாடா? பங்கு. வலையில விழுற மீனுக்குப் பங்கு போடத் தெரியும். இதுக்குப் போடத் தெரியல. போன ஆளு என் புருசன். அதுல எனக்குப் பங்கு இல்லியா? என் பொண்ணுக்கு இல்லியா? எல்லாத்தையும் ஒரே மிதில நீயே மிதிச்சிருவியா?"

சேகர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் தரைய மட்டும்தான்க்கா கேட்டேன். அவர கேக்கல," என்றார்.

"தெரியும்டா. மூழ்குறவன் வேற இன்னா கேப்பான்?"

செல்வி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அடுப்பில் எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது. சேகர் ஊதா சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, "எந்த நட்டு சார் மொதல்ல?" என்றார்.

துருப்பிடித்த கிராங்கைக் கழற்ற ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. பந்தய சைக்கிளின் அச்சும் அதே சதுர முனைதான், கிராங்க் பொருந்தியது. பளபளக்கும் சட்டத்தில் துருப்பிடித்த கிராங்க் பார்க்க அழகாக இல்லை. கடையில் ஒருவர் இப்படிக் கொண்டுவந்திருந்தால் நான் சங்கடப்பட்டிருப்பேன். பெரிய பல்சக்கரங்கள் இரண்டும் சும்மா நின்றன; செயினை அந்தக் குட்டிச் சக்கரத்திலேயே நிரந்தரமாக வைத்தேன்.

புதன்கிழமை. மலை ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று சேகர் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. மீன் ஏற்றும் குட்டியானை வண்டியில் போனோம்: ஓட்டுநர் பக்கத்தில் செல்வி, பின்னால் சைக்கிள், சேகர், நான், காலி ஐஸ் பெட்டிகள். பாதி வழியில் வண்டிக்கு டயர் பஞ்சர். ஓட்டுநர் என்னைப் பார்த்து, "டாக்டர் இருக்காரு, கவல இல்ல," என்றார். சைக்கிள் டயருக்கும் குட்டியானை டயருக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஐம்பது நிமிடம் போயிற்று. வெயில் ஏறிவிட்டது.

ஒன்பது இருபதுக்கு அடிவாரத்தில் சேகர் பெடல்மேல் ஏறினார். முதல் வளைவில் அவருடைய கால்கள் பயந்துபோனவை போல வேகமாகச் சுற்றின. சைக்கிள் ஏறக்குறைய நகரவே இல்லை. ஒரு மினிபஸ்ஸிலிருந்து யாரோ, "யோவ், எறங்கி நடய்யா, சீக்கிரம் போயிரலாம்," என்று கத்தினார்கள். உண்மைதான். அந்தக் கியரில் அவர் போன வேகம் நடக்கிற வேகம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அதனால் நடந்தது. செல்வி செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, சைக்கிளுக்குப் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார். முந்தைய இரண்டு முறையும் அவர் அடிவாரத்திலேயே காத்திருந்தாராம். பழைய கியரில் சேகர் முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுவார். இன்று ஓர் அடிகூட முந்தவில்லை. நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

செல்வி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். யார் வீட்டுக் கல்யாணம், எந்த வலை கிழிந்தது, மகள் எந்தப் பாடத்தில் தேறவில்லை. "பேச்ச நிறுத்துக்கா, மூச்சு வாங்குது," என்றார் சேகர். "எனக்கு வாங்கல. நடக்குறவ நானு. உக்காந்துனு வர்றவனுக்கு இன்னாடா மூச்சு?"

ஐந்தாவது வளைவு. பிற்பாடு இறங்கும்போது அளந்தேன்: நூறுக்குப் பதினாறு. பலகையில் அவர் காட்டியது பதினேழு. அந்த இடம் அவர் உடம்பில் அப்படிப் பதிந்திருக்கிறது. முன்சக்கரம் ஆடியது. பழைய பழக்கம் திரும்பி, அவர் எழுந்து முழு எடையையும் ஒரு காலில் போட்டார். சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிட்டது. வலது கால் பெடலிலிருந்து விலகுவதைப் பார்த்தேன்.

"அழுத்தாத!" என்றார் செல்வி. கையை நீட்டவில்லை, பிடித்தால் வேண்டுதல் கெட்டுவிடும். "சேறுடா. சேறு வந்திருச்சு. சின்னதா தள்ளு."

சேகர் உட்கார்ந்தார். கால் பெடலுக்குத் திரும்பியது. சின்னதாக ஒன்று. இன்னொன்று. சைக்கிள் ஊர்ந்தது. செல்வி அதன்பின் பேசவில்லை, ஆறாவது வளைவு வரை.

பத்து பதினெட்டுக்குக் கோயில் முன்னால் கல் பாவிய வெளிக்கு வந்தோம். சேகர் கொடிமரத்தைத் தாண்டினார். முடிந்தது என்று நினைத்து நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் நிற்கவில்லை. அந்த வெளியைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். பக்தர்கள் ஒதுங்கி நின்றார்கள். இறங்கத் தெரியாமல் சுற்றுகிறார் என்று எனக்கு மூன்றாவது சுற்றில்தான் புரிந்தது.

செல்வி குறுக்கே போய்க் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். சேகரின் இரண்டு கால்களும் இன்னும் பெடல்மேல் இருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தரை இருக்குதா?"

"இருக்குதுடா. கால வை."

வியாழக்கிழமை பற்றி எழுத ஒன்றுமில்லை. பொருந்தாத முப்பத்து நான்கு பல் சக்கரத்தைக் கல்லறைக் காவலர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஹாலந்திலிருந்து வருபவர்களுக்குக் காட்டுவாராம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கரையில் சீட்டு எழுதினார்கள். வேண்டுதல் முடிந்தது ஊருக்குத் தெரிந்திருந்தது; சேகரின் பெயரை வாசித்தபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. எட்டாவது முறை வந்தது. ஆனால் அன்றைய முறைக்காரர் படகில் ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று அவரைக் கேட்டார். சேகர் செல்வியைப் பார்த்தார். செல்வி வேண்டுமென்றே கூடையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சேகர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். காலை ஆறு பதினான்கு. நீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல். வலது கால் முதலில்.